கிட்னி திடீரெனப் பாதித்து வீடு திரும்பியவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராமேஸ்வரம், பாம்பன், மண்டபத்திலிருந்து கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் வரை, வடக்கே தேவிபட்டினம், தொண்டி வரை இருக்கும் கடலோர ஊர்க்காரர்களுக்கான பக்கம் இது. பேதி, காய்ச்சல், பாம்புக்கடி, வலி மாத்திரை என ஏதோ ஒன்றால் கிட்னி பாதித்து, சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் கேட்கும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். இங்கே உள்ளதும் உங்கள் மருத்துவர் சொன்னதும் வேறுபட்டால் மருத்துவர் சொன்னதையே கேளுங்கள். உங்கள் ரத்தப் பரிசோதனை அவர் கையில்தான் இருக்கிறது.

டாக்டர் 'திடீர் சிறுநீரகப் பாதிப்பு' என்கிறார். சொந்தக்காரர்கள் 'கிட்னி ஃபெயிலியர்' என்கிறார்கள். எது சரி?

டாக்டர் சொல்வது. மணிக்கணக்கிலோ சில நாட்களிலோ கிட்னியின் வடிகட்டும் வேலை சட்டென்று குறைவதுதான் திடீர் பாதிப்பு. ரத்தத்தில் கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு) 48 மணி நேரத்துக்குள் டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் ஏறினாலோ, 7 நாட்களுக்குள் வழக்கமான அளவைப் போல ஒன்றரை மடங்கு ஆனாலோ, தொடர்ந்து 6 மணி நேரம் சிறுநீர் மிகக் குறைவாகப் போனாலோ (60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லிலிட்டருக்கும் கீழே) இந்தப் பெயரைச் சொல்வார்கள். கிரியாட்டினின் மூன்று மடங்கானாலும், 4ஐத் தொட்டாலும், டயாலிசிஸ் செய்ய நேர்ந்தாலும் அது மூன்றாம் நிலை, கடுமையானது. உங்களுக்கு வந்தது எந்த நிலை என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பல பதில்கள் அதைப் பொறுத்து மாறும்.

ஊரில் 'ஃபெயிலியர்' என்றால் ஆயுள் முழுக்க டயாலிசிஸ் என்று நினைக்கிறார்கள். அது நாள்பட்ட நோயின் கடைசிக் கட்டம். திடீர் பாதிப்பு வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கிட்னி மறுபடி வேலைக்கு வருகிறது. எவ்வளவு வந்தது என்பது மூன்று மாதம் போனால்தான் தெரியும். குறை அதற்கு மேலும் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று பெயர் மாறுகிறது.

'உப்பு கூடியிருக்கிறது' என்றார்கள். சாப்பாட்டில் உப்பை நிறுத்தினால் இறங்கிவிடுமா?

இறங்காது. அவர்கள் சொன்ன உப்பு, ரத்தத்தில் தேங்கிய யூரியாவும் கிரியாட்டினினும். சமையல் உப்பைக் குறைப்பது ரத்த அழுத்தத்துக்கும் வீக்கத்துக்கும் நல்லது, அவ்வளவுதான். இந்துப்புக்கு மாறினால் கிரியாட்டினின் குறையும் என்பதும் சரியில்லை. அதுவும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். 'சோடியம் குறைந்த உப்பு' என்று பாக்கெட்டில் விற்பது இதைவிட ஆபத்து. அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். தேறிக்கொண்டிருக்கும் கிட்னிக்கு அது வேண்டவே வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் இது எதனால் வருகிறது?

முதலில் வெயிலும் தண்ணீர்க் குறைவும். உப்பளத்தில் வேலை தை, மாசியில் தொடங்கி மழைக்கு முன்பு வரை ஓடும். பாத்தியில் நின்றால் மேலே வெயில், கீழே உப்பிலிருந்து திரும்பி அடிக்கிற வெளிச்சம். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்கள் 352 பேரைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2023இல் வெளியானது. பெரும்பாலானவர்கள் பாதுகாப்பான வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்தார்கள்; ஏறக்குறைய 7 சதவீதம் பேருக்குக் கிட்னியின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. நாட்டுப்படகில் போகிறவர்கள், கடல்பாசி எடுக்க மணிக்கணக்கில் நீரில் மூழ்கி எழும் பெண்கள், மீன் காயவைக்கிறவர்கள் எல்லோருக்கும் இதே நிலைமைதான். தாகம் எடுக்கிறது, தண்ணீர் கையில் இல்லை, வேலையை விட்டு வரவும் முடியவில்லை.

இந்த நிலைமையில் உடம்பு வலிக்கு ஒரு வலி மாத்திரை போடுகிறார்கள். அங்கேதான் வினை. நீர் வற்றிய உடம்பில் கிட்னி தன் ரத்த ஓட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வழி வைத்திருக்கிறது. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை அந்த வழியை அடைத்துவிடும். தண்ணீர் குறைந்தது மட்டும், அல்லது மாத்திரை மட்டும் என்றால் பலருடைய கிட்னி தாங்கும். இரண்டும் ஒரே நாளில் சேர்ந்தால், அதற்கு மேல் ஒரு பேதியும் வந்தால், நிறையப் பேருக்குத் தாங்காது.

மழைக் காலத்தில் காரணங்கள் வேறு. ஐப்பசி, கார்த்திகையில் எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல், டெங்கு. மூன்றும் கிட்னியைத் தொடக்கூடியவை. வயல், கண்மாய்க் கரைப் பக்கம் கண்ணாடிவிரியன் கடி. அதன் விஷம் ரத்தம் உறைவதைக் குலைத்து கிட்னியையும் கெடுக்கும். வலையில் சிக்கிய கடல்பாம்பு கடித்தால் வேறு விதம். தசை உடைந்து, அதிலிருந்து வரும் புரதம் கிட்னியை அடைக்கும். சிறுநீர் கறுத்துப் போகும். நம் நாட்டில் கிடைக்கும் பாம்புக்கடி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கானது. கடல்பாம்புக்கு அது வேலை செய்யாது. ஆகவே அங்கே காலத்தோடு கிட்னியைக் கவனிப்பதே சிகிச்சையின் பெரும்பகுதி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். கண்மாய் அழிந்து மீன் வாரும்போது கெண்டை, கட்லா, ரோகு கிடைத்தால் அதன் பித்தப்பையைக் கண்ணுக்கு நல்லது, சுகருக்கு நல்லது என்று விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதிலுள்ள நச்சு கிட்னியையும் ஈரலையும் சேர்த்து அடிக்கும். வேகவைத்தாலும் போகாது.

டிஸ்சார்ஜ் ஆகும்போது கிரியாட்டினின் இறங்கிவிட்டது. அப்புறமும் ஏன் பயப்பட வேண்டும்?

பயப்பட வேண்டாம், கவனிக்க வேண்டும். கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. பதினைந்து நாள் படுத்துக் கிடந்து சதை வற்றியவருக்கு அது உற்பத்தியாவதே குறைந்துபோயிருக்கும். ரிப்போர்ட்டில் 1.1 என்று பார்த்ததும் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். உள்ளே கிட்னி இன்னும் பாதி வழியில்கூட இருக்கலாம். கிரியாட்டினின் எல்லை தாண்டிக் காட்டுவதற்குள் கிட்னியின் திறனில் பெரும்பங்கு குறைந்திருக்க முடியும் என்பதும் தெரிந்த விஷயம்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இந்தப் பாதிப்பு வந்து வீடு திரும்பியவர்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, 30 நாட்களுக்குள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மறுபடி அட்மிட் ஆகியிருந்தார். பணக்கார நாடு, இலவச மருத்துவம், கணினியில் பதிவுகள் எல்லாம் இருந்தும் இந்த நிலைமை. இரத்தப் பரிசோதனைக்கு 50 கிலோமீட்டர் பஸ் ஏற வேண்டியவருக்கு எப்படி இருக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

திரும்ப அட்மிட் ஆகிறவர்கள் எதற்காக ஆகிறார்கள்? மறுபடி கிட்னியா?

எப்போதும் கிட்னியாக இருப்பதில்லை. பலருக்கு ஆச்சரியமாக இருக்கும், மூச்சுத்திணறல்தான் முக்கியமான காரணங்களில் ஒன்று. ஆஸ்பத்திரியில் இருந்தபோது ரத்த அழுத்தம் குறைந்ததால் பிபி மாத்திரையையும் நீர் பிரியும் மாத்திரையையும் நிறுத்தியிருப்பார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அவற்றை மறுபடி தொடங்கச் சொல்ல ஆள் இருக்காது. ஏற்கெனவே இதயம் பலவீனமானவருக்கு இரண்டு மூன்று வாரத்தில் உடம்பில் நீர் சேர்ந்து, காலில் வீக்கம் ஏறி, ஒருநாள் இரவு படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

அடுத்தது சுகர். இன்சுலினை உடம்பிலிருந்து வெளியேற்றுவதில் கிட்னிக்கும் பங்கு உண்டு. கிட்னி மந்தமாக இருக்கும்போது பழைய அளவில் இன்சுலினோ, கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்தால் சர்க்கரை பாதாளத்துக்குப் போய்விடும். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மயங்கிவிடுவார். கிட்னி தேறத் தேற தேவை மறுபடி கூடும். அப்போது குறைத்த அளவே தொடர்ந்தால் சர்க்கரை எகிறும். ஆக, இந்த மூன்று மாதமும் சுகர் மருந்தின் அளவு ஒரே இடத்தில் நிற்காது.

மூன்றாவது, கிருமித்தொற்று. நான்காவது, வந்த பாதிப்பே திரும்ப வருவது: அதே வலி மாத்திரை, அதே பேதி, அதே வெயில். பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு கெடுவதும் உண்டு.

இவற்றில் கிருமித்தொற்றைத் தவிர்த்து மற்றவை பெரும்பாலும் ஒரு மாத்திரைச் சீட்டிலும் ஒரு ரத்தப் பரிசோதனையிலும் நிற்கிற விஷயங்கள். அதனால்தான் அந்த இரண்டையும் பற்றிக் கீழே இவ்வளவு பேசுகிறோம்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன பார்த்து வாங்க வேண்டும்?

அது ஆங்கிலத்தில் இருக்கும், வாகனம் வாசலில் நிற்கும், பில் கட்ட ஒருவர் ஓடிக்கொண்டிருப்பார். அந்த அவசரத்திலும் நான்கு கேள்விகளை நர்ஸிடமோ டாக்டரிடமோ கேளுங்கள். கிரியாட்டினின் அதிகபட்சம் எவ்வளவு போனது, இன்று எவ்வளவு? பாதிப்பு எதனால் வந்தது? பழைய மாத்திரைகளில் எதை நிறுத்தியிருக்கிறீர்கள், எதை எப்போது மறுபடி தொடங்க வேண்டும்? அடுத்த ரத்தப் பரிசோதனை எந்தத் தேதியில்? பதிலைத் தமிழில் ஒரு தாளில் எழுதி சம்மரியோடு சேர்த்துப் பின் அடித்துவிடுங்கள்.

மூன்றாவது கேள்விதான் உயிர்நாடி. 'பழைய மருந்துகளைத் தொடரவும்' என்று ஒற்றை வரியில் எழுதிக் கொடுத்தால் அப்படியே வாங்கி வராதீர்கள். எந்தப் பழைய மருந்து என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

மக்களைத் தேடி மருத்துவத்தில் பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதைத் தொடரலாமா?

2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டம் நம் பக்கத்து முதியவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் ஆஸ்பத்திரியில் மாத்திரை மாற்றியது வீட்டுக்கு வரும் தன்னார்வலருக்குத் தெரியாது. பழைய பதிவின்படியே அட்டை வந்துவிடும். சம்மரியை அவரிடம் காட்டி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவை மாற்றச் சொல்லுங்கள். மாறும் வரை வந்த மாத்திரையைத் தனியாக எடுத்து வையுங்கள்.

ரத்தப் பரிசோதனை எப்போதெல்லாம்? ஒவ்வொரு தடவையும் மதுரை போக வேண்டுமா?

வேண்டாம். கிரியாட்டினின், பொட்டாசியம், சோடியம் பார்க்க இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே போதும். தாலுகா மருத்துவமனையில் வசதி இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். கடுமையான பாதிப்பாக இருந்தாலோ, கிரியாட்டினின் முழுசாக இறங்காமல் வீட்டுக்கு வந்திருந்தாலோ, ஒரு வாரத்துக்குள் முதல் பரிசோதனை. லேசானது என்றால் இரண்டு வாரம் வரை பொறுக்கலாம். நிறுத்திய பிபி மாத்திரையை மறுபடி தொடங்கினால் அதிலிருந்து ஒன்றிரண்டு வாரத்தில் இன்னொன்று. அப்புறம், எவ்வளவு நன்றாக இருந்தாலும், மூன்றாவது மாதம் கட்டாயம் ஒன்று. இந்த மூன்று மாதப் பரிசோதனையைச் சிறுநீரக மருத்துவத்தின் சர்வதேச வழிகாட்டி 2012இலேயே சொல்லிவிட்டது.

மூன்றாம் மாதம் ரத்தத்தோடு சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பாருங்கள். கிரியாட்டினின் சரியாக இருந்து புரதம் மட்டும் போனால்கூட கிட்னியில் தழும்பு விழுந்திருக்கலாம். ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில் ஒரே பையில் வையுங்கள். ஒரு எண்ணைப் பார்ப்பதைவிட நான்கு எண்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்ப்பதுதான் டாக்டருக்கு உதவும்.

எப்போது மதுரை? கிரியாட்டினின் இறங்காமல் நின்றாலோ, மறுபடி ஏறினாலோ, சிறுநீரில் ரத்தமும் புரதமும் சேர்ந்து போனாலோ சிறுநீரக மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

எவ்வளவு தண்ணீர் குடிப்பது? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

ஏனென்றால் ஆளாளுக்கு வேறுதான். சிறுநீர் சரியாகப் போகாத கட்டத்தில் முந்தின நாள் போன சிறுநீரின் அளவோடு அரை லிட்டர் சேர்த்துக் குடி என்பார்கள். தேறும் கட்டத்தில் சிலருக்குச் சிறுநீர் திடீரென நிறையப் போகும், மூன்று நான்கு லிட்டர்கூட. 'கிட்னிக்காரருக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது' என்று வீட்டில் அப்போதும் பழைய அளவிலேயே கட்டிப்போட்டால் நீர் வற்றி மறுபடி பாதிப்பு வரும். இதய நோய் உள்ளவருக்கு நேர் எதிர் ஆபத்து. ஆகவே டிஸ்சார்ஜ் அன்று சொன்ன அளவு நிரந்தரமானது என்று நினைக்காமல், ஒவ்வொரு பரிசோதனைக்குப் போகும்போதும் மறுபடி கேளுங்கள்.

தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன்பு எடை பாருங்கள். எடை பார்க்கும் மெஷின் தெருவில் ஒரு வீட்டில் இருந்தால் போதும். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது சதை இல்லை, நீர். அதே வேகத்தில் குறைந்தால் உடம்பு வற்றுகிறது. இரண்டுக்கும் டாக்டருக்கு போன் போட வேண்டும்.

உவர்த் தண்ணீர் குடிப்பதால்தான் கிட்னி போகிறதா?

நம் ஊர்களில் குடத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குகிறோம், அல்லது ஊற்றுத் தோண்டி அகப்பையில் மொண்டு எடுக்கிறோம். அந்தக் கோபத்தில் வரும் கேள்வி இது, நியாயமானதுதான். உவர்நீரிலுள்ள சோடியம் ரத்த அழுத்தத்தைக் கூட்டும். வருஷக்கணக்கில் அது கிட்னிக்கும் கெடுதல். திடீர் பாதிப்புக்கு நேரடிக் காரணம் பெரும்பாலும் வேறு: விலை கொடுத்து வாங்கிய தண்ணீர் என்பதால் அளந்து குடிப்பது. குறிப்பாக வீட்டுப் பெண்கள் கடைசியாக, மிச்சம் இருந்தால் குடிக்கிறார்கள். நோயாளி பெண்ணாக இருந்தால் அவருக்கென்று தனிப் பாட்டில் வையுங்கள்.

இளநீர், பதநீர், நுங்கு, கருவாடு?

பனைக்கும் தென்னைக்கும் நடுவே வாழ்கிறவர்களிடம் வேண்டாம் என்று சொல்வது கஷ்டமாகத்தான் இருக்கிறது. இளநீரில் பொட்டாசியம் அதிகம். நல்ல கிட்னிக்கு அது பிரச்சினையில்லை. தேறாத கிட்னி அதை வெளியேற்ற முடியாமல் திணறும், பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுபோகும் அபாயம்கூட உண்டு. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வருகிறவர்கள் கையில் இரண்டு இளநீரோடு வருவது நம் வழக்கம். வந்தவர் மனம் நோகாமல் வாங்கி, நீங்கள் குடித்துவிடுங்கள். பொட்டாசியம் சரியாகிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு நோயாளிக்கும் தரலாம். பதநீருக்கும் இதே விதி, சுகர் இருந்தால் அதற்கு மேல் ஒரு தடை. நுங்கு ஒன்றிரண்டு பரவாயில்லை.

கருவாட்டில் உப்பு அளவுக்கு மீறி இருக்கும். ஊறவைத்துக் கழுவினாலும் கொஞ்சம்தான் போகும். மூன்று மாதம் தள்ளி வைக்கலாம். பச்சை மீனுக்குத் தடையில்லை. கிட்னிக்காரர் என்று வெறும் கஞ்சியாக ஊற்றி மெலிய வைப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறோம். நோயில் கரைந்த சதை திரும்ப வளர புரதம் வேண்டும். டாக்டர் அளவு சொல்லிக் கட்டுப்படுத்தாத வரை மீனும் முட்டையும் சாப்பிடட்டும்.

மூட்டுவலி தாங்க முடியவில்லை. எந்த மாத்திரை போடலாம்?

பாராசிட்டமால், டாக்டர் சொன்ன அளவில். மெடிக்கலில் போய் 'உடம்பு வலிக்கு இரண்டு செட் கொடுங்கள்' என்று கேட்காதீர்கள். அந்தச் செட்டில் பெயர் தெரியாத மூன்று நான்கு மாத்திரை இருக்கும், ஒன்றாவது டைக்ளோஃபினாக் வகையாக இருக்கும். வலி ஊசியும் அப்படித்தான். எங்கே போனாலும், பல்லுக்குப் போனாலும், 'எனக்கு முன்பு கிட்னி பாதித்தது' என்பதே வாயிலிருந்து வரும் முதல் வாக்கியமாக இருக்கட்டும். ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஊசிகளுக்கும், ரத்தக்குழாயில் மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேனுக்கும் இந்தத் தகவல் தேவை.

பிபி மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்கிறார்கள். நிறுத்தினதை நிறுத்தினபடியே விட்டுவிடலாமா?

கூடாது. எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் வகைகள் நீர் வற்றிய நேரத்தில் கிட்னிக்குச் சுமை. மற்ற நாட்களில் பலருக்கு அவையே கிட்னிக்கும் இதயத்துக்கும் காவல். எப்போது தொடங்குவது என்பதை ரத்த அழுத்தம், கிரியாட்டினின், பொட்டாசியம் மூன்றையும் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். அந்தக் கேள்வியை நீங்கள் கேட்காமல் வந்துவிட்டால், பல நேரம் யாரும் கேட்பதில்லை.

மறுபடி தொடங்கிய பிறகு ஒரு நாள் வாந்தியோ பேதியோ வந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு, தண்ணீர் எதுவும் தங்காத நாட்களில் மேலே சொன்ன பிபி மாத்திரைகள், நீர் பிரியும் மாத்திரை, மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவற்றைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வது வழக்கம். சாப்பிடத் தொடங்கி ஒன்றிரண்டு நாளில் மறுபடி தொடங்குவார்கள். இன்சுலினைத் தானாக நிறுத்தக் கூடாது, அளவைக் கேட்டு மாற்ற வேண்டும். இதய நோய் உள்ளவருக்கு இந்தப் பட்டியலே வேறாகலாம். அதனால் 'காய்ச்சல், பேதி வந்தால் எதை நிறுத்த, எதைத் தொடர?' என்று நல்ல நாளிலேயே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். பேதிக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்று, ஒரு லிட்டர் தண்ணீரில். பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டருக்கு 6 சமமட்டத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும்.

நாட்டு மருந்து எடுக்கலாமா?

இந்த மூன்று மாதம் வேண்டாம். உலோகம் சேர்ந்த பற்பம், செந்தூரம் சரியாகத் தயாரிக்கப்படாவிட்டால் பாதரசமும் ஆர்சனிக்கும் கிட்னியில் போய்த் தங்கும். ஆடுதீண்டாப்பாளை, பெருமருந்து இரண்டிலும் உள்ள ஓர் அமிலம் கிட்னியில் நிரந்தரத் தழும்பை ஏற்படுத்தும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் வரவழைக்கும். பெருமருந்தைப் பாம்புக்கடிக்குக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. கண்ணாடிவிரியன் கடித்து ஏற்கெனவே கிட்னி அடிபட்டவருக்கு அதைக் கொடுத்தால் அடிமேல் அடி.

கழுத்தில் டயாலிசிஸ் டியூப் வைத்தே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குளிக்கலாமா?

கழுத்துக்குக் கீழே துணியால் துடைத்துக்கொள்ளலாம். கட்டு நனையக் கூடாது. கடல் குளியல், அக்னி தீர்த்தம், கோயிலின் 22 தீர்த்தங்கள் எதுவும் டியூப் எடுக்கும் வரை கிடையாது. வேண்டுதல் காத்திருக்கும். டயாலிசிஸ் செய்யும் இடத்தில் தவிர வேறெங்கும் அந்த டியூபில் ஊசி போடவோ ரத்தம் எடுக்கவோ விடாதீர்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், அது நள்ளிரவாக இருந்தாலும், கிளம்புங்கள். பலருக்கு வாரக்கணக்கில் கிட்னி தேறி டயாலிசிஸை நிறுத்திவிடுகிறார்கள். ஒவ்வொரு வாரமும் 'சிறுநீர் எவ்வளவு போகிறது, இன்னும் தேவையா?' என்று கேட்டுக்கொண்டே இருங்கள்.

ரமலான் நோன்பு வைக்கலாமா?

கீழக்கரை, ஏர்வாடி, தொண்டிப் பக்கம் ஒவ்வொரு வருஷமும் வரும் கேள்வி. பாதிப்பு வந்து மூன்று மாதம் ஆகவில்லை என்றால் வைக்க வேண்டாம் என்பதே எங்கள் பதில். கோடையில் நோன்பு வந்தால் தண்ணீர் இல்லாத பதினான்கு மணி நேரத்தை அந்தக் கிட்னி தாங்காது. நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. பிறகு வைக்கலாம், முடியாதவர் ஃபித்யா (நோன்புக்கு ஈடாக ஏழைக்கு உணவு) கொடுக்கலாம். மூன்று மாதப் பரிசோதனை நன்றாக வந்தவர் டாக்டரைக் கேட்டு, மாத்திரை நேரத்தை மாற்றிக்கொண்டு வைக்கலாம்.

பிரசவத்தின்போது கிட்னி பாதித்தது. அடுத்த குழந்தை?

பெற்றுக்கொள்ளலாம். கிட்னி முழுசாகத் தேறியிருந்தாலும் அடுத்த கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அதனால் கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே கிரியாட்டினின், சிறுநீர்ப் புரதம் பார்த்து, முதல் செக்கப்பிலேயே பழைய கதையைச் சொல்லிவிடுங்கள்.

எந்த அறிகுறி தெரிந்தால் உடனே கிளம்ப வேண்டும்?

நாள் முழுக்கச் சேர்த்து இரண்டு டம்ளருக்கும் குறைவாகச் சிறுநீர்; படுத்தால் மூச்சு முட்டுவது; நிற்காத வாந்தி; பேச்சு குழறுவது, ஆளைத் தெரியாமல் போவது; கை கால் சோர்ந்து இதயம் தாறுமாறாக அடிப்பது; சிறுநீர் கோலா நிறத்தில் போவது. இவற்றில் ஒன்று வந்தாலும் 108ஐ அழையுங்கள். வீக்கமும் எடையும் மெதுவாக ஏறினால் மறுநாள் காலை வெளிநோயாளி பிரிவு போதும்.

செலவுக்கு என்ன வழி?

முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. டயாலிசிஸும் அதில் வரும். அரசு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக்குக் காசில்லை. அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்தை அணுகலாம்.

கடலுக்கும் உப்பளத்துக்கும் எப்போது திரும்பப் போகலாம்?

லேசான பாதிப்பு என்றால் முதல் இரண்டு பரிசோதனையும் நன்றாக வந்த பிறகு. டயாலிசிஸ் வரை போனவர் மூன்று மாதம் ஆகட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் நோய் வந்த விசைப்படகுக்காரர், தடை முடிந்த முதல் நாளே படகேற வேண்டும் என்று துடிப்பார். வட்டிக்கு வாங்கிய கடன் அவரைத் துரத்துகிறது என்பது புரிகிறது. முதல் சில தடவை பகல் வெயிலில் வலை இழுக்கும் வேலையை வேறு ஒருவருக்கு விட்டு, இவர் சுக்கான் பிடிக்கட்டும்.

வேலையில் இருக்கும்போது தாகத்துக்குக் காத்திருக்காமல் இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர், இதய நோய் இல்லாதவர்களுக்கு. உப்பளத்தில் அதிகாலையில் இறங்கி பத்து பத்தரைக்குள் கரையேறிவிடும் முறை இருந்தால் அதில் சேர்ந்துகொள்ளுங்கள். பெண்களுக்குப் பிரச்சினை வேறு: பல அளங்களில் கழிப்பிடம் கிடையாது, அதனால் தண்ணீரே குடிப்பதில்லை. இதை ஒரு பெண் தனியாகக் கேட்டால் நடக்காது, ஒரு அளத்துப் பெண்கள் சேர்ந்து கேட்க வேண்டும். வேலைக்குத் திரும்பிய முதல் வாரம் முடிந்ததும் ஒரு கிரியாட்டினின் பாருங்கள். முந்தைய ரிப்போர்ட்டைவிட 0.3 ஏறியிருந்தால் மறுநாள் வேலைக்குப் போகாமல் டாக்டரிடம் போங்கள்.